இருநூறு எழுத்துக்கு ஓர் இடம்

முப்படைகளின் செயற்கைக்கோள் அலைவரிசைகளை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொடுக்கும் அதிகாரிகளுக்கும், அந்தக் கோள்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,



கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி, நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை எட்டுக் கடற்கரை ஊர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பிறந்து, பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள் நான். எங்கள் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கொச்சியிலிருந்தோ மங்களூரிலிருந்தோ டீசலும் ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் முப்பது நாள், நாற்பது நாள் தங்கல். சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவைத் தாண்டிப் போவார்கள். ஓமான் பக்கம்வரை போய் வந்தவர்கள் என் தெருவிலேயே உண்டு.

உங்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. நீங்கள் வேலை செய்யும் அறைக்கு என்னைப்போன்றவர்கள் வர முடியாது, வரவும் கூடாது என்பது புரிகிறது. அதனால்தான் இப்படி எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்கப்போவது சின்ன விஷயம். அது எவ்வளவு சின்னது என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம். ஆனால் முதலில் ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. வியாழன் முற்பகலில் அது குமரிக் கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. ஒரே நாளில் இப்படித் திரளும் புயலை எங்கள் பாட்டிமார்கூடப் பார்த்ததில்லை. ஊரில் தென்னைகள் முறிந்து கம்பிமேல் விழுந்தன. மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் கோபுரமும் போனது. கடல் மோசமானால் கோயில் மைக்கில்தான் எங்களுக்குச் செய்தி வரும். அன்று மைக்கும் ஊமை. யாரோ மணிக்கூண்டில் ஏறிக் கையால் மணியடித்தார்கள். அந்த மணி கரையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. என் அண்ணன் அப்போது கொச்சியிலிருந்து புறப்பட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

அவன் மனைவி, என் மைனி, வாசல்படியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபுரமே இல்லாத ஊரில் அந்தப் போன் அடிக்காது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தொட்டுப் பார்ப்பாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து அணையும். விடியும்வரை அதுதான் நடந்தது.

அண்ணன் ஆறாம் நாள் லட்சத்தீவிலிருந்து பேசினான். மைனியின் தம்பி வேறு படகு. அவன் வரவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக அப்படி வராமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில்.

அண்ணன் கரைக்கு வந்தபிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். படகில் வி.எச்.எஃப். வயர்லெஸ் இருந்தது. அது இருபது, முப்பது கடல் மைலுக்குமேல் எட்டாது. கிழக்கே இருந்த ஒரு படகு கடல் கெட்டுவிட்டது என்றது. எந்த இடத்தில், எந்தப் பக்கமாக நகர்கிறது, எவ்வளவு நேரத்தில் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. படகை நடத்தும் ஸ்ராங்கு யோசித்தார். கெட்ட கடல் கிழக்கே இருக்கிறது என்றால் மேற்கே ஓடுவதுதானே முறை? மேற்கே ஓடினார்கள். புயலும் அதே மேற்குத் திசையில்தான் லட்சத்தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அது வடக்கே வளைந்து குஜராத் பக்கம் போய்த்தான் ஓய்ந்தது. மேற்கே ஓடியவர்கள் புயலோடு கூடவே ஓடியிருக்கிறார்கள். அவர்கள் ஏமாளிகள் அல்லர். கையில் இருந்த பாதிச் செய்தியை வைத்து எந்த நல்ல ஸ்ராங்கும் எடுக்கிற முடிவைத்தான் எடுத்தார்கள்.

இந்தப் பாதிச் செய்தியின் மீதிப் பாதி அந்த நேரத்தில் கரையில் இருந்தது. புயலின் இடமும் போக்கும் சில மணிக்கு ஒருமுறை கணிக்கப்பட்டு வெளியாகிக்கொண்டுதான் இருந்தன. படகுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த சில நூறு கிலோமீட்டரைத் தாண்ட அவற்றுக்கு வழியில்லை. ஆனால் அந்தக் கடலுக்கு நேர்மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில், அரபிக்கடல் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டு உங்கள் கோள் இருந்தது. ருக்மிணி என்று பெயர் வைத்தீர்கள். ஜிசாட்-7. 2013 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு கயானாவின் குரூவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது. கடற்படைக்கென்றே நாடு அனுப்பிய முதல் தகவல்தொடர்புக் கோள். அது போன நாளில் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டினேன். நாலு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரின் அப்பாக்கள் அதன் காலடியில் காணாமல் போனார்கள்.

பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. ருக்மிணியை வடிவமைத்தவர்கள் எங்களை நினைக்கவில்லை என்றால் அது அவர்கள் குற்றமாகாது, அவர்களிடம் அதைக் கேட்டவர் இல்லை. நான் இப்போது கேட்கிறேன்.

இன்னொரு நாளையும் நினைவுபடுத்த வேண்டும். 2004 டிசம்பர் 26. சுமத்ராவுக்கு அருகே காலை ஆறரை மணிக்கு நிலம் நடுங்கியது. கார் நிக்கோபார் தீவிலிருந்த விமானப்படைத் தளத்தைக் கொஞ்ச நேரத்தில் கடல் மூடியது. படையினரும் அவர்கள் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். சாகிற நேரத்திலும் அந்தத் தளம் தன் கடமையைச் செய்தது. தீவில் தண்ணீர் ஏறுகிறது என்ற செய்தியை ஏழரை மணி வாக்கில் அனுப்பிவிட்டது. அன்றைய விமானப்படைத் தளபதியே பின்னர் பத்திரிகைக்குச் சொன்ன விவரம் இது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் அலை ஏறியபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. இலங்கையைச் சுற்றிக்கொண்டு எங்கள் குளச்சலுக்கு அது அதற்கும் பிறகுதான் வந்தது. ராணுவத்தின் கம்பியில் செய்தி மேல்நோக்கிப் போனது. பக்கவாட்டில், கடற்கரைக்கு இறங்கும் கிளை ஒன்று அந்தக் கம்பியில் இல்லை. கார் நிக்கோபாரின் அந்த வயர்லெஸ்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் கடைசியாகச் சொன்னதைக் கேட்டு ஓடியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு படகுக்கு என்ன தெரிந்தால் போதும்? மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன்:

புயல். இடம் 9 வடக்கு 74 கிழக்கு. வடமேற்கே நகர்கிறது. காற்று மணிக்கு 100 கி.மீ. மேற்கே ஓடாதே, கிழக்கே கரைக்கு வா. காலை 6 மணி வரை செல்லும்.

இவ்வளவுதான், இருநூறு எழுத்துக்கும் குறைவு. கணினியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். அப்படியே எண்ணினாலும் நானூறு பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. படைகளின் பழைய குரல் இணைப்புகள் விநாடிக்கு 2,400 பிட் வேகத்தில் ஓடியவை என்று படித்திருக்கிறேன். அது விநாடிக்கு 300 பைட். அந்தப் பழைய வேகத்திலேயே இந்தச் செய்தி ஒன்றரை விநாடியில் போய்விடும். மேலே போய்க் கீழே வர ஒளிக்குக் கால் விநாடி. இதையே எண்களாகச் சுருக்கி, படகில் இருக்கும் கருவி தமிழிலும் மலையாளத்திலும் விரித்துச் சொல்வதாக வைத்துக்கொண்டால் இருபது முப்பது பைட் போதும். முழுச் செய்தியையே அரைமணிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொன்னாலும் ஒரு நாளில் உங்கள் ஒரே ஓர் அலைவரிசையில் ஒன்றேகால் நிமிடம்கூடச் செலவாகாது.

அலைவரிசையைப் பங்கிடுவது உங்களுக்குப் புதிதல்ல என்பதும் தெரியும். அமெரிக்கக் கடற்படையின் கதையை நான் பிள்ளைகளுக்குத் தெருக்குழாய் உவமை வைத்துச் சொல்வேன். முதலில் அவர்கள் ஒரு குழாயை ஒரு குடும்பத்துக்கு என்று பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசை ஒரு குழுவுக்கு. அந்தக் குழு பேசினாலும் பேசாவிட்டாலும் அது அவர்களுடையது. பக்கத்துக் கப்பல் ஒரு வார்த்தை அனுப்ப இடமில்லாமல் நிற்கும், பூட்டிய குழாயோ சும்மா கிடக்கும். பிறகு நேரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, கேட்பவருக்குக் கேட்ட நேரத்தில் ஒரு துண்டு கொடுக்கும் முறைக்கு வந்தார்கள். ஒரே குழாயடியில் எல்லாக் குடமும் வரிசையில். வரிசை என்றால் வந்தவர் முதலில் என்று மட்டும் இல்லை. வீட்டில் சாவு விழுந்தவர்களின் குடத்தை எங்கள் ஊரில் யாரும் சொல்லாமலே முன்னால் தள்ளிவிடுவார்கள். அதைப்போலவே அவசரத்துக்குத் தக்க முன்னுரிமையும் அந்த முறைக்குள் எழுதப்பட்டிருக்கிறது. உயர்ந்த முன்னுரிமை வந்தால் தாழ்ந்தது நடுவிலேயே விலகி வழிவிடும்.

ஆக, முறை உங்களிடம் இருக்கிறது. அந்த வரிசையில் எங்கள் குடத்துக்கு ஓர் இடம் இல்லை என்பதுதான் குறை.

ராணுவக் கோளில் ராணுவமல்லாதவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் உலகத்தில் உண்டு. தென்துருவத்தில் அமெரிக்கா நடத்தும் அமுண்ட்சன்-ஸ்காட் ஆராய்ச்சி நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கும் கோள் எதுவும் துருவத்திலிருந்து தெரியாது, அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஆனால் வயதாகி எரிபொருள் தீர்ந்த கோள்கள் தம் பாதையிலிருந்து மெல்லச் சரிந்து, தினமும் வடக்கும் தெற்குமாக ஆடத் தொடங்கும். தெற்கே ஆடும் சில மணி நேரம் அவை துருவத்துக்குத் தென்படும். இந்தச் சரிவைக் குறையென்று ஒதுக்காமல் வாய்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். 1976-இல் ராணுவச் சோதனைக்காக அனுப்பிய எல்.இ.எஸ்.-9 என்ற கோள் பல ஆண்டுகள் அந்த நிலையத்துக்கு வெளியுலகத் தொடர்பு கொடுத்தது. பின்னாளில் அமெரிக்கப் படைகளின் டி.எஸ்.சி.எஸ். கோளும், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்கைநெட்-4சி கோளும் அதே வேலைக்கு வந்தன. ஸ்கைநெட் வேறு நாட்டின் ராணுவக் கோள் என்பதைக் கவனியுங்கள். பனிப்பாலைவனத்தில் இருக்கும் சிலருக்காக அதில் இடம் கொடுத்தார்கள்.

அந்த நிலையத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இதைப் படித்தபிறகு எனக்கு இரண்டு நாள் வகுப்பெடுக்க முடியவில்லை. அங்கே பனிக்குள் ஒரு கன கிலோமீட்டர் அளவுக்கு உணரிகளைப் புதைத்து நியூட்ரினோ துகள்களைத் தேடுகிறார்கள், ஐஸ்கியூப் என்று பெயர். அன்றாடத் தரவு மலைபோல் சேரும். அது பெரிய கோள்கள் கண்ணில் படும் நேரத்துக்காகக் காத்திருந்து போகும். ஆனால் அபூர்வமான ஒரு துகள் சிக்கிவிட்டால் உலகத் தொலைநோக்கிகள் உடனே அந்தத் திசையில் திரும்ப வேண்டும். அதற்காகச் சில பைட் அளவுள்ள எச்சரிக்கையை மட்டும் தனியாகப் பிரித்து, எந்நேரமும் கிடைக்கும் மெல்லிய இணைப்பொன்றில் உடனுக்குடன் அனுப்பிவிடுகிறார்கள். பெரிய சுமை காத்திருக்கட்டும், அவசரச் சீட்டு முன்னால் போகட்டும் என்ற ஏற்பாடு. 2017 செப்டம்பர் 22 அன்று அப்படி ஒரு துகள் வந்தது. 43 விநாடியில் உலகம் முழுவதும் செய்தி போய்விட்டது. பல நூறு கோடி ஒளியாண்டு தூரத்திலிருந்து வந்த ஒரு துகளுக்கு 43 விநாடி. அதே ஆண்டு, அதற்கு அறுபத்தொன்பது நாள் கழித்து, கொச்சியிலிருந்து சில நூறு கிலோமீட்டரில் இருந்த என் அண்ணனுக்குப் புயல் செய்தி கடைசிவரை வரவே இல்லை.

இன்னும் பழைய முன்மாதிரியும் இருக்கிறது. 1979-இல், பனிப்போர் உறைந்து கிடந்த காலத்தில், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கனடாவும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆபத்தில் சிக்கியவர்களின் அவசரக் குறியை யார் கோள் கேட்டாலும் எல்லாருக்கும் சொல்வது என்று. காஸ்பாஸ்-சார்சாட். அதற்காக முதலில் மேலே போனது சோவியத்தின் காஸ்மாஸ்-1383. சோவியத் கடற்படைக்காக வளர்ந்த வழிகாட்டும் கோள்களின் வம்சத்தில் வந்தது அது. 1982 ஜூன் இறுதியில் ஏவினார்கள். செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளுக்குள் விழுந்துகிடந்த ஒரு சின்ன விமானத்தின் குறியை அது பிடித்தது. மூன்று பேர் பிழைத்தார்கள். ஒருவரையொருவர் அணுகுண்டால் குறிவைத்திருந்த இரண்டு நாடுகள் இதைச் செய்திருக்கின்றன. அந்த அமைப்பில் நம் நாடும் பல ஆண்டுகளாக இருக்கிறது. பெங்களூருவில் அதற்கான கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது.

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் வீட்டிலேயே உண்டு. ககன் அமைப்பு விமானங்களுக்கு வழி துல்லியமாகக் காட்டுவதற்கென்று அமைக்கப்பட்டது. அதில் மிஞ்சியிருந்த செய்தி இடத்தில் 2019 அக்டோபரில் மீனவர்களுக்கான ஜெமினி கருவிக்குரிய செய்திகளை ஏற்றினார்கள். விமானத்தின் அலையில் வரும் எச்சரிக்கை புளூடூத் வழியே மீனவரின் கைபேசிக்குப் போகிறது. என் பக்கத்து வீட்டுப் படகில் அந்த ஆரஞ்சு நிறப் பெட்டியைப் பார்த்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. அது ஒருவழிதான், படகிலிருந்து பதில் பேச முடியாது. இருந்தாலும் விமானத்துக்குப் போட்ட பாதையில் படகுக்கும் இடம் கொடுக்கலாம் என்று யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கிறாரே.

அடுத்தது ஜிசாட்-6. 2015 ஆகஸ்ட் 27 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது, ஆறு மீட்டர் அகலக் குடையை விண்ணில் விரித்தது. அதன் எஸ் அலைவரிசை நாட்டின் பாதுகாப்புத் தேவைக்கு வேண்டும் என்று சொல்லித்தான் 2011-இல் ஒரு தனியார் ஒப்பந்தத்தையே அரசு ரத்து செய்தது. அந்தக் கோளின் வழியேதான் இன்று மீன்பிடிப் படகுகளின் புதிய டிரான்ஸ்பாண்டர்கள் பேசுகின்றன. 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளுக்கு வைக்கும் திட்டம். இருவழி. படகிலிருந்து பட்டனை அழுத்தினால் கரைக்குத் தெரியும். நாங்கள் கேட்பதில் பாதியை நாடு ஏற்கெனவே செய்யத் தொடங்கிவிட்டது என்று மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரே ஒரு கோள். அதன் திட்ட ஆயுள் 9 ஆண்டு. 2015-உடன் கூட்டிப் பாருங்கள். அதற்குத் துணையாக 2018 மார்ச் 29 அன்று போன ஜிசாட்-6ஏ மூன்றாம் நாளே தொடர்பு அறுந்து தொலைந்துபோனது. ஒற்றைக் கயிற்றில் ஒரு லட்சம் படகைக் கட்டியிருக்கிறோம். அந்தக் கயிறு தேய்கிற நேரத்தில் உங்கள் கைவசம் எத்தனை இருக்கின்றன என்பதையும் பார்க்கிறேன். ருக்மிணி இருக்கிறது. விமானப்படைக்கு 2018 டிசம்பரில் ஜிசாட்-7ஏ போனது. 2025 நவம்பர் 2 அன்று, 4,410 கிலோ எடையுள்ள சி.எம்.எஸ்.-03 கடற்படைக்காகப் போனது. அன்று மாலை எங்கள் ஊரில் பலரும் டிவியில் அதைப் பார்த்தோம். ராக்கெட் கிளம்பியதும் என் அண்ணன் மகன் கைதட்டினான். மைனி மட்டும் கேட்டாள், "இது நம்ம ஆளுவளுக்கும் சொல்லுமா?" நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் தயக்கங்களை என்னால் ஊகிக்க முடிகிறது. முதலாவது, ரகசியம். ராணுவச் சாவியை மீனவர் கையில் கொடுக்க முடியுமா? வேண்டாம், நாங்கள் சாவி கேட்கவில்லை. வழிகாட்டும் கோளான நாவிக் ஒன்றிலிருந்தே எல்லாருக்குமான சேவை ஒன்றும், பூட்டிய சேவை ஒன்றும் தனித்தனியாக வருகின்றன. ஒன்று மற்றதைக் காட்டிக்கொடுப்பதில்லை. புயல் எச்சரிக்கை பூட்டி வைக்க வேண்டிய செய்தியே இல்லை. எதிரி கேட்டால் கேட்கட்டும், எதிரிக் கடலில் இருக்கும் மீனவனுக்கும் அது பயன்படும். இரண்டாவது, இடம். மேலே கணக்குப் போட்டுவிட்டேன். மூன்றாவதுதான் கனமானது. போர் வந்தால்? பதற்றம் வந்தால் முதலில் வெட்டுவது பொதுமக்களின் இடத்தைத்தான். அதில் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. பதற்றமான நாட்களிலும் எங்கள் படகுகள் தூரக் கடலில் இருக்கும். திரும்பிவரவே பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் புயல் வராமல் நிற்காது. எவ்வளவு சுருக்கினாலும் சுருக்குங்கள், ஒரு மணிக்கு ஒருமுறை முப்பது பைட் என்று வைத்தாலும் சரி. ஆனால் அந்த முப்பதைத் தொடக்கூடாதது என்று எழுதி வையுங்கள்.

படகில் புதுக் கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழி ஒன்றும் உண்டு. கடற்படைக் கப்பல்கள் தினமும் அரபிக்கடலில் இருக்கின்றன. அவற்றுக்கு உங்கள் கோளோடு தொடர்பு இருக்கிறது, கூடவே வயர்லெஸில் அவசர அழைப்புக்கான சேனல் 16 இருக்கிறது. எங்கள் படகுகளும் சேனல் 16 கேட்கும். கோளிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து வயர்லெஸில் சுற்றிலும் இருக்கும் படகுகளுக்கு. புயல் நேரத்தில் கடலோரக் காவல்படையின் கப்பல்களும் டோர்னியர் விமானங்களும் தமிழிலும் மலையாளத்திலும் கூப்பிட்டுச் சொல்கின்றன. அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பிவந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் சார்பில் நன்றி சொல்கிறேன். அது ஆணை பிறந்த பிறகு நடக்கும் காரியமாக இல்லாமல், எச்சரிக்கை வெளியான இத்தனையாவது நிமிடத்தில் எந்தக் கப்பல் என்றாலும் சொல்லியாக வேண்டும் என்ற நிலையான விதியாக வேண்டும்.

விதி என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒக்கிக்குப் பிறகு ஒரு மனுவை எடுத்துக்கொண்டு நான் சில அலுவலகங்கள் ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் ஒரு நல்ல அதிகாரி நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "டீச்சர், இது எங்க கையில இல்ல, அவங்க சம்மதிச்சா நாங்க நாளைக்கே செய்வோம்" என்றார். அந்த 'அவங்க'ளிடம் போனேன். அவர்களும் ஏறத்தாழ இதே வார்த்தையைச் சொன்னார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் கையெழுத்தாகாத ஒரு காகிதம் இருந்தது, அவ்வளவுதான். புயல் வந்தபிறகு அந்தக் காகிதத்தை எழுத ஆரம்பித்தால் முடிவதற்குள் புயல் குஜராத்தில் கரையேறியிருக்கும்.

அந்தக் காகிதத்தில் ஒரு வரியை மறக்காமல் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காலாவதி நேரம். என் மாதிரிச் செய்தியின் கடைசி வரியில் அதை வைத்திருக்கிறேன். வரிசையில் சிக்கி ஆறு மணி நேரம் தாமதித்த புயல் செய்தி பழைய இடத்தைச் சொல்லும். அதை நம்பி ஓடும் படகு நேரே புயலின் புது இடத்துக்கே போய்ச் சேரும். மேற்கே ஓடிய என் அண்ணனின் படகை நினைத்துப் பாருங்கள். புதுச் செய்தி வந்தால் வரிசையில் காத்திருக்கும் பழையது தானாக அழிய வேண்டும். கடிதமோ கோப்போ தாமதமாக வந்தாலும் பயன்படும். இது பயன்படாது, கெடுதலும் செய்யும். உங்கள் ஏவுகணை எச்சரிக்கைகளில் இந்த விதி இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அதே விதியைக் கொடுங்கள்.

கிடைத்தது என்ற பதிலும் வேண்டும். ஆபத்தில் படகிலிருந்து பட்டனை அழுத்துபவனுக்கு, கரையில் யாரோ பார்த்துவிட்டார்கள் என்று ஒரு சின்ன விளக்கு எரிந்தால்கூடப் போதும். இரண்டு நாள் கவிழ்ந்த படகின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: தண்ணீர், பசி, வெயில் எல்லாவற்றையும் தாங்கலாம், நாம் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. கூட இருந்தவர்களில் சிலர் கையை விட்டதே அந்த நினைப்பில்தான் என்றார். இரண்டாம் தலைமுறை அவசரக் கருவியில் இஸ்ரோ இந்தப் பதில் வசதியைச் செய்திருக்கிறது. அடுத்த கோளை வரையும்போது இந்தத் திரும்புவழியையும் சேர்த்தே வரையுங்கள்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த அறுபத்தொரு நாள்தான் எங்கள் ஊரில் எல்லா ஆண்களும் வீட்டில் இருக்கும் காலம். கல்யாணங்கள் நடக்கும், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வயர்லெஸ் பெட்டிகளைப் பிரித்துத் துடைப்பார்கள். உங்களில் யாருக்காவது முடியுமானால் அப்போது ஒருமுறை வாருங்கள். சீருடையில் வர வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு மாடி அறையில் உயரமான கம்பத்தோடு கரை வயர்லெஸ் இருக்கிறது. அங்கே சுவரில் ஒரு நோட்டு தொங்கும், எந்தப் படகு எந்தத் தேதி எங்கே இருந்து கடைசியாகப் பேசியது என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கும். 2017 நோட்டும் இருக்கிறது. சில படகுகளுக்கு நேரே நவம்பர் 29 என்று எழுதி, அடுத்த கட்டம் காலியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அண்ணனிடமும் பேசலாம், என்னைவிட நன்றாகச் சொல்வான். ஆகஸ்ட் 1 அதிகாலையில் அவன் கிளம்பிவிடுவான், அதற்குள் வந்தால் நல்லது.

அன்புடன்,
தூத்தூர் கடற்கரையிலிருந்து ஓர் ஆசிரியை